கர்நூல் வரை

நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பெட்ரோல் போட வேண்டாம், டிக்கெட் எடுக்க வேண்டாம், யார் தயவிலும் போக வேண்டாம் என்று பேசிக்கொள்வோம். கேரியரின் இரண்டு பக்கமும் பைகள். அதற்குள் மாற்றுத் துணி, உபரி டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். வண்டி நம்முடையது, மூட்டை நம்முடையது, கால் நம்முடையது. பிறகென்ன? இந்தப் பேச்சுக்கெல்லாம் 2020 மார்ச் மாதம் ஒரு முடிவு கட்டியது.

எங்கள் கூட்டத்தில் ‘கே டூ கே’ என்றால் கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை. 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, சுமார் 3,700 கிலோமீட்டர். மதுரை, கரூர், நாமக்கல், சேலம் வழியாக ஓசூருக்குப் போகும் நம் சாலைதான் அது. பழைய ஆட்களுக்கு இன்னமும் ஏழாம் நம்பர் ரோடு. நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, மாசிக் கடைசியில் தெற்கிலிருந்து ஏறுவது என்று முடிவுசெய்தேன். சித்திரை வெயில் தக்காணத்தைக் காய்ச்சுவதற்குள் நாக்பூரைத் தாண்டிவிட வேண்டும். ஜம்முவுக்கு மேலே பனி கரைந்த பிறகு மலையேற வேண்டும். நடுவில் பஞ்சாபில் குருத்வாராக்களில் தங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம். வெயிலுக்கும் பனிக்கும் கணக்குப் போட்டிருந்தேன், கிருமிக்குப் போடவில்லை.

சைக்கிளில் மூட்டையோடு போகிற ஆளை நம் நாட்டில் யாரும் சும்மா விடுவதில்லை. கோவில்பட்டிப் பக்கம் டீ குடிக்க நின்றாலும் சரி, தர்மபுரியில் இளநீருக்கு நின்றாலும் சரி, முதல் கேள்வி “எங்கிருந்து வர்றீங்க?” இரண்டாவது, “தனியாவா?” மூன்றாவது, என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, “வீட்ல எப்படி விட்டாங்க?” பெங்களூரு தாண்டினால் அதுவே “எல்லிந்த பந்த்ரி?” ஆனது, அனந்தபூர் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் “எக்கட நுஞ்சி வஸ்துன்னாரு?” மொழி மாறினாலும் கேட்கும் முகம் ஒன்றுதான். கன்னியாகுமரி என்று பதில் சொன்ன மறு நிமிடம் ஒரு நாற்காலி வரும். பாட்டிலில் தண்ணீர் நிரம்பும். செல்போனுக்குச் சார்ஜ் ஏறும். சில இடங்களில் டீக்குக் காசு வாங்க மாட்டார்கள். பெட்ரோல் பங்க்கில் கழிப்பறைச் சாவி கிடைக்கும். மாலையானால் கோயில் மண்டபத்தில் படுக்க இடம் கிடைக்கும். அந்நியன் என்பதாலேயே கிடைத்த மரியாதை அது.

சேலம் தாண்டும் சமயத்தில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அது மார்ச் 11. மறுநாள் இந்தியாவின் முதல் கொரோனா மரணம் கலபுரகியில் என்று உறுதியானது. கர்நாடகத்தில் சினிமா தியேட்டர்களையும் மால்களையும் மூடியிருந்த நாட்களில்தான் நான் பெங்களூருவைக் கடந்தேன். போக்குவரத்து குறைந்து ஊர் வெறிச்சோடியதில் சைக்கிள்காரனுக்கு லாபம் என்று அசட்டுத்தனமாக ஒரு சந்தோஷம்கூட வந்தது.

பாகேபள்ளிக்கு அப்பால்தான் கேள்வியின் தொனி மாறத் தொடங்கியது. வார்த்தைகள் அதேதான். ஆனால் கேட்கும்போதே ஒரு எட்டு பின்னால் போனார்கள். அனந்தபூரில் ஒரு லாட்ஜ் கணக்குப்பிள்ளை என் ஆதார் அட்டையைக் கையால் வாங்கவில்லை. மேஜைமேல் வைக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். தமிழ்நாடு என்று சொன்னாலும் அவர் காதில் கேரளா என்றே விழுந்தது. அப்போது கேரளா என்ற பேருக்கே ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.

குத்தி ஊரின் மலைக்கோட்டை நெடுஞ்சாலையில் இருந்தே தெரியும். அதைப் பார்த்தபடி ஒரு கூரைக் கடையில் நின்றேன். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடித் தம்ளர்களை எல்லாம் கவிழ்த்து ஓரம் கட்டியிருந்தார். காகிதக் கோப்பையில் டீயை ஊற்றி, பலகையின் அந்த முனையில் வைத்து, இந்த முனைக்குத் தள்ளிவிட்டார். தண்ணீர் கேட்டேன். என் பாட்டிலைத் தொடாமல், திறந்து தரையில் வைக்கச் சொல்லி, உயரத்தில் இருந்து சொம்பைச் சாய்த்தார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. சைக்கிள் மணியை அடித்துப் பார்க்க ஓடிவந்த பேரனைச் சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டார். முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அந்த அம்மா செய்தது அத்தனையும் நியாயம் என்பதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

மிதிக்கும்போது வேறு வேலை இல்லாததால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராயலசீமை வெயிலில் நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும். டீக்கடை, இட்லிக்கடை, பங்க், லாட்ஜ், பழக்கடை என்று தினமும் பத்துப் பதினைந்து பேர் கை பட்டுத்தான் நான் எண்பது கிலோமீட்டர் நகர்கிறேன். தொற்றினால் அறிகுறி தெரிய 14 நாள்வரை ஆகலாம் என்றார்கள். 14 நாளில் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். ஊருக்கு ஒரு கடை வீதம் நின்று, ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து, நல்லாயிருக்கேன் என்று நம்பிக்கொண்டே போயிருப்பேன். விமானத்தில் வருபவன் ஒரு விமான நிலையத்தில் இறங்குவான். அங்கே அவன் நெற்றியில் வெப்பமானி வைப்பார்கள். சைக்கிளில் வருபவன் ஒவ்வொரு கிராமத்திலும் இறங்குகிறான். கிருமிக்கு இதைவிடத் தோதான வாகனம் அமையாது.

மார்ச் 21, சனிக்கிழமை. கர்நூலுக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரம் காற்று இறங்கியது. என்னிடம் சாமான் இருந்தும், எதிரிலேயே பஞ்சர் கடை இருந்ததால் நிறுத்தினேன். இந்தியாவில் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் டயர் கடையில் ஒரு மலையாளியைப் பார்க்கலாம் என்பார்கள். இவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் தாராளமாக வந்தது. டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர் வாளியில் அமுக்கித் திருப்பினார். குமிழி வந்த இடத்தில் குச்சியால் அடையாளம் வைத்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, ஒட்டை அழுத்தினார். டயரின் உட்புறத்தை விரலால் தடவி, குத்திய கம்பித் துணுக்கைக் கண்டுபிடித்து எடுத்து என்னிடம் காட்டினார். லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய இரும்புக் கம்பி. நெடுஞ்சாலை ஓரத்தில் சைக்கிள்காரனுக்கு நிரந்தரச் சத்ரு.

“நாளைக்குக் கடை இல்ல சேட்டா. நானே நாட்டுக்குப் போக வண்டி பாக்குறேன். நீங்க வடக்கே போயி யார்கிட்ட டயரக் காட்டுவீங்க?” என்றார்.

மறுநாள் மக்கள் ஊரடங்கு. கர்நூல் லாட்ஜில் அடைந்து கிடந்தேன். மாலை 5 மணிக்குத் தெருவெங்கும் கைத்தட்டலும் தட்டோசையும் கேட்டன. அன்றே பயணிகள் ரயில்கள் மார்ச் 31 வரை ரத்து என்று செய்தி வந்தது. இரவுக்குள் ஆந்திரா, தெலங்கானா இரண்டும் முடக்கத்தை அறிவித்துவிட்டன. கர்நூலை ஒட்டித் துங்கபத்திரை. பாலம் தாண்டினால் தெலங்கானா. அந்தப் பாலத்தில் இன்னும் போலீஸ் நிற்கவில்லை என்றும், விடியற்காலையில் கிளம்பினால் தாண்டிவிடலாம் என்றும் லாட்ஜ் பையன் யோசனை சொன்னான். தாண்டலாம்தான். தாண்டிய பிறகு எந்தக் கடை வாசலில் போய் நிற்பது? சாலை திறந்திருந்து கடைகள் மூடியிருந்தால் என் பயணம் அதோடு முடிந்தது. சாலையின் மேல் போகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் டீக்கடையிலிருந்து டீக்கடைக்குத்தான் போகிறோம். வடக்கே போவதில்லை என்று படுக்கப் போகுமுன் முடிவுசெய்தேன்.

திங்கட்கிழமை புறவழிச்சாலையில் காத்திருந்து, டி.என். 28 என்று நம்பர் பலகை கண்டதும் கை காட்டினேன். நாமக்கல் லாரி. நாக்பூரிலிருந்து ஆரஞ்சு ஏற்றி வருகிறது. டிரைவர் தலையை நீட்டி, “ஏனுங்க சார், எந்தூருங்க?” என்றார். கரூர் என்றேன். “அட, நம்மூர்ப் பக்கம். ஏறுங்க.” எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் கேள்வி பழைய குரலில் கேட்டது. கிளீனர் தம்பி சைக்கிளைத் தார்ப்பாய்மேல் ஏற்றிக் கயிற்றால் கட்டினான். ஊரெல்லாம் ஆறடி இடைவெளி பேசிக்கொண்டிருந்த நாளில் மூன்று பேரும் ஒரு கேபினில் தோள் இடிக்க உட்கார்ந்து வந்தோம். அவர் எனக்காக ஏற்றுக்கொண்ட துணிச்சல் அது. ஞாயிறு முழுக்க வழியில் ஒரு டாபா திறக்கவில்லை என்றும், பிரட்டும் ஆரஞ்சும் தின்றே வந்ததாகவும் சொன்னார். நான் போக இருந்த வடக்கைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கவும் தோன்றவில்லை.

ஓசூர் எல்லையில் நெற்றிச் சூடு பார்த்தார்கள், டயருக்கு மருந்தடித்தார்கள். செவ்வாய் மதியம் நாமக்கல்லில் இறங்கி, பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கடந்து கரூர் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. 6 மணிக்குத் தமிழகம் முழுவதும் 144. 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடே மூடியது. மாடி அறையில் தனியாகப் படுக்கை போட்டுக்கொண்டேன். சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு, நான் கதவைத் திறக்குமுன் மனைவி இறங்கிவிடுவாள். குத்தி அம்மாவின் ஏற்பாடு வீடுவரை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தச் சாலையில் என்ன நடந்தது என்பதை மாடியில் உட்கார்ந்து செய்தியில்தான் பார்த்தேன். ஆதிலாபாத், நாக்பூர் வழியாக வடக்கே நடந்தவர்கள், சைக்கிள் வாங்கி மிதித்தவர்கள், தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகப் போனவர்கள். எதிர்த்திசையிலும் ஆட்கள் இருந்தார்கள். நாமக்கல் இளைஞர் ஒருவர் நாக்பூர்ப் பக்கமிருந்து ஊருக்கு நடந்து வந்தவர், ஏப்ரல் தொடக்கத்தில் செகந்திராபாத் முகாமில் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் வர இருந்ததும், நான் லாரியில் வந்ததும் ஒரே சாலை. மே மாதம் 15 வயதுப் பெண் ஒருத்தி, அடிபட்ட அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, பழைய சைக்கிளில் குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தாள். இந்திய சைக்கிள் சம்மேளனம் அவளைத் தேர்வுக்கு அழைத்தது. நாடே சாதனை என்று கொண்டாடியது. எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. சாதனைக்காகக் கிளம்பியவர்கள் எங்களைப் போன்றவர்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதுதான் எங்கள் வீரத்துக்கு அடிப்படை. நிறுத்த முடியாத பயணத்துக்குப் பதக்கம் கொடுத்தால், அவளை மிதிக்கவைத்த காரணம் பதக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஆனாலும் அவர்கள் அத்தனை தூரம் போய்ச் சேர்ந்ததற்குக் கால்பலம் மட்டும் காரணம் இல்லை. கதவு சாத்திய ஊர்கள் இருந்தன. சோறும் மோரும் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்ற ஊர்களும் இருந்தன. பயம் எல்லாருக்கும்தான் இருந்தது, பயந்துகொண்டே கொடுத்தார்கள். குத்தியில் எனக்கு ஊற்றிய தண்ணீரும் அந்த வகைதான். கிட்டே வராதே என்றார் அந்த அம்மா. தண்ணீர் இல்லை என்று சொல்லவில்லை.

நண்பர்கள் இன்னமும் மிச்சத்தை எப்போது முடிக்கிறாய் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு தகராறும் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து புதிதாகத் தொடங்கினால்தான் ‘கே டூ கே’ கணக்கில் சேரும் என்று ஒரு கட்சி. விட்ட இடத்தில் தொடரலாம் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சிதான் பிடிக்கிறது. முழங்கால் ஒத்துழைக்கிற ஒரு கார்த்திகையில் கர்நூலுக்குப் பஸ்ஸில் போய் இறங்கலாம் என்றிருக்கிறேன். வேகத்தையும் தூரத்தையும் காட்டுகிற மீட்டரை இந்த முறை கழற்றிவைத்துவிடுவேன். பைகளிலும் பாதியைக் குறைத்துவிடலாம். வழியில் கேட்டால் கிடைக்கிற பொருளையெல்லாம் எதற்குச் சுமப்பது?