நாற்பது வாட் நாதம்

விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து இருப்புப் பாதைகள் கூடுகின்றன. ஊருக்கு வருகிறவர்களைவிட ஊர் வழியே போகிறவர்களே இங்கு அதிகம். வடக்கே போகும் வண்டியில் ஏறினால் சற்று நேரத்தில் திண்டிவனம். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடாயிருந்த ஊர் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள்.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை! மின்சாரம் போயிற்று, கைப்பேசிகள் ஊமையாயின. நம் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் பழைய டிரான்ஸிஸ்டர் பேசிக்கொண்டிருந்தது. தெரு முழுவதும் அதைச் சூழ்ந்து நின்றோம். புயல் கரை கடந்த செய்தியை அது சொல்லிற்று. ஆனால் நம் ஏரிக்கரை நிற்கிறதா, உடைந்ததா என்பதை எங்கோ இருக்கும் நிலையம் எங்ஙனம் அறியும்?

பள்ளிக்கூடம் திறந்ததும் மாணவன் ஒருவன் கேட்டான்: "ஒரு ரேடியோ நிலையம் வைக்க எவ்வளவு சக்தி வேண்டும், ஐயா?" அதற்கு விடை தேடியே நாம் பட்டணத்துக்கு வண்டியேறினோம்.

எழும்பூரில் இறங்கி, ரிப்பன் மாளிகையின் முன் போய் நின்றோம். விடையின் பாதி அந்த வெள்ளை மாளிகையில் இருக்கிறது. 1924 மே 16-ம் தேதி, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை அமைத்தார். அவ்வாண்டு ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு துவங்கிற்று. கருவியின் சக்தி 40 வாட். ஒரு பழைய மின்சார விளக்கின் அளவு! பிறகு 200 வாட் கருவி வந்தது. பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி நிலையம் திறந்ததோ 1927 ஜூலையில்தான். சர்க்கார் ஆணையையோ பெருமுதலையோ எதிர்பாராமல், ஊரார் சிலர் கூடி, மூன்று வருஷம் முந்திக்கொண்டார்கள்.

ஆயினும் பணமில்லாமல் 1927 அக்டோபரில் கிளப் மூடப்பட்டது. கருவி நகரசபைக்குக் கொடுக்கப்பட்டது. பெருமுதலுடன் எழுந்த பம்பாய்க் கம்பெனியும் 1930 மார்ச்சில் முறிந்தது. அதற்கு அடுத்த மாதமே, ஏப்ரல் 1-ம் தேதி, சென்னை நகரசபை தன் ஒலிபரப்பை ஆரம்பித்தது! மாலையில் சங்கீதம், பள்ளிக்கூட நாட்களில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடமும் கதையும். ரேடியோ வாங்க வசதியற்றவர்களும் கேட்கும்படி, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தார்கள். தெருவிளக்கும் குடிநீரும் போல, பாட்டும் செய்தியும் நகரசபையின் கடமையென்று கருதினார்கள் போலும். 1938 ஜூன் 16-ம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும், நகரசபையின் பணி நிறைவுற்றது.

பெரிய நிலையம் வந்தது நல்லதே. அதன் குரல் வெகுதூரம் எட்டும். ஆனால் வெகுதூரம் எட்டும் குரலுக்கு நம் தெருவின் பெயர் தெரிவதில்லை. கடற்கரையில் நின்று கேட்டவர்களுக்குப் பாடியது அவர்களுடைய சொந்த நகரசபை. புயலிரவில் நமக்கு வேண்டியிருந்ததும் அத்தகைய குரல்தான்.

திரும்பி வரும்போது திண்டிவனத்தில் விளக்கேற்றும் வேளையாகிவிட்டது. மறுநாள் மாணவனிடம் சொன்னோம்: "நாற்பது வாட் போதும், அப்பா. அதை மூடவிடாமல் காக்கும் ஊர்தான் வேண்டும்."