இரண்டு மணி நேரத்தில் காலியான சோனகத் தெரு

1990 அக்டோபர் 30. இலங்கையின் யாழ்ப்பாணத்தில், சோனகத் தெருப் பகுதி முஸ்லிம்களை ஒஸ்மானியா கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அங்கே விடுதலைப் புலிகள் சொன்னது ஒன்றுதான்: இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். வீடு, கடை, நகை எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. வழியில் சோதனை போட்டு, பெண்களின் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கையில் சில நூறு ரூபாய், உடுத்திய துணி, அவ்வளவுதான். அந்த ஒரே மாதத்தில் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். பலருக்குப் புத்தளத்து அகதி முகாம்களே ஊராகிப் போயின.

இதை நினைக்கும்போது இன்னொரு ஊரும் நினைவுக்கு வருகிறது. லிதுவேனியாவின் எய்ஷிஷ்கெஸ் என்ற சிற்றூரில் 1941 செப்டம்பரில், நாஜி ஆக்கிரமிப்பின் கீழ், சுமார் 3,500 யூதர்களை இரண்டே நாளில் சுட்டுக் கொன்றார்கள். யாழ்ப்பாணத்தில் நடந்ததை அதற்குச் சமமாக வைக்க மாட்டேன். இங்கே உயிரோடு அனுப்பினார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த ஒரு சமூகத்தை, பிறப்பை மட்டும் பார்த்துத் துடைத்தெடுத்த வகையில் இரண்டும் ஒரே பாவம்தான்.

சூளூர்பேட்டையில் தெலுங்கு மக்களுக்கு நடுவே தமிழ் பேசி நிம்மதியாக வாழ்கிறவன் நான். நாளைக்கே யாராவது வந்து "கிளம்பு" என்றால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அன்று விரட்டப்பட்டவர்கள் வீட்டில் பேசியதும் தமிழ்தான். 2002-ல் புலிகளே அதைத் தவறென்று ஒப்புக்கொண்டார்கள். நாம் இன்னும் வாய் திறக்கவில்லை.

இலங்கைத் தமிழர்கள் தாக்கப்பட்ட 1983 கறுப்பு ஜூலையை ஆண்டுதோறும் நினைவுகூரும் நண்பர்களே, அக்டோபர் 30 அன்று இவர்களுக்காகவும் ஒரு வரி எழுதுங்கள்.