எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி

சிங்கப்பூரின் பீச் ரோடு கோல்டன் மைல் டவரில் இயங்கிவந்த ‘தி புரொஜெக்டர்’ திரையரங்கு 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது. இரண்டு வாரம் ஆவதற்குள் கேத்தே சினிபிளெக்சஸ் நிறுவனமும் தன் அரங்குகளை மூடியது. பத்திரிகைகளில் நினைவுக் குறிப்புகள் குவிந்தன. எங்கே முதல் படம் பார்த்தோம், யாரோடு பார்த்தோம், டிக்கெட் என்ன விலை என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவற்றையெல்லாம் விடாமல் படித்துக்கொண்டிருந்த என்னிடம், லிட்டில் இந்தியாவில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: “உள்ளே படம் ஓட்டினவங்களப் பத்தி எல்லாரும் எழுதுறாங்க. வெளியே படம் வரைஞ்சவர் ஒருத்தர் தோ பாயோவுல இருக்கார். பாக்குறியா?”

நான் வடிவமைப்புத் தொழிலில் இருப்பவன். படம் பார்க்கக் கிளம்பினால் போஸ்டர்களைப் பார்ப்பதற்கென்றே முன்கூட்டிப் போய்விடுவேன். ஒரு படம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், கதைக்கு முன் டைட்டிலின் எழுத்துதான் என் நினைவுக்கு வரும். மும்பையின் ஆல்ஃப்ரெட் டாக்கீஸுக்குக் கையால் பேனர் வரைந்த ஷேக் ரஹ்மானைப் பற்றி ‘ஒரிஜினல் காப்பி’ என்று ஓர் ஆவணப்படம் உண்டு. 2015இல் வந்தது. ஈரமான வண்ணத்தின் மேல் தூரிகை நகர்வதை அவ்வளவு நெருக்கத்தில் காட்டிய படம் வேறெதையும் நான் பார்த்ததில்லை. அதைப் பலமுறை பார்த்தவன், என் ஊரிலேயே அந்த வேலை செய்த ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்ட பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் சின்னக் கூடம், சன்னல் ஓரம் ஒரு மடக்கு நாற்காலி, அவர் கையில் ஆறிப்போன கோப்பி. தூரிகைகளைக் காணவில்லை. ஆனால் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பழைய கண்ணாடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஏதோ அலமாரியின் கதவிலிருந்து கழற்றியது. ஓரங்களில் ரசம் போயிருந்தது, கீழ் மூலையில் நீல வண்ணத் திட்டுகள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே பிறகு சொன்னார்.

பாலஸ்டியர் பக்கம் சினிமா பேனர் வரையும் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கொட்டகையில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பாலஸ்டியர் அப்போது சினிமாவின் பேட்டை. ஹூவர், ரூபி, பிரசிடென்ட் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஷா சகோதரர்களின் மலாய் ஸ்டூடியோ இருந்த ஜாலான் அம்பாஸும் அந்தச் சாலையிலிருந்து பிரிவதுதான்.    

கொட்டகைக்கு எல்லா மொழிப் படங்களும் வரும். சீனம், மலாய், ஆங்கிலம், இந்தி, தமிழ். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நார்த் பிரிட்ஜ் ரோட்டிலிருந்த ராயல், டைமண்ட் போன்ற அரங்குகளுக்கு. தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. அச்சடித்து வந்த விளம்பரத்தைப் பார்த்து எழுத்துகளையும் படம் வரைவதுபோலவே வரைவாராம். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் சுழி எண்ணிக்கை மாறிவிடும், புள்ளி தவறிய இடத்தில் விழும். “எங்கப்பா படிக்க வச்சிருந்தாரு, நாலெழுத்து தெரியும். ‘தவுக்கே, இது தப்பு’ன்னு சொன்னேன். அடிப்பாருன்னு நெனச்சேன். பிரஷ்ஷக் கையில குடுத்துட்டாரு.” அன்றிலிருந்து தமிழ் லெட்டரிங் அவர் பொறுப்பு. முகத்துக்கு வர வருடங்கள் ஆயின. எந்தப் பட்டறையிலும் அதுதான் வரிசை: முதலில் துணிக்கு வெள்ளை அடிப்பது, பிறகு எழுத்து, பிறகு உடை, பின்னணி. முகம் எப்போதும் பெரிய கைக்கு.

வண்ணப்பொடியை எண்ணெயில் எந்த அளவில் குழைப்பது, மழைக்காலத்தில் எப்படிக் காயவைப்பது என்றெல்லாம் நீளமாகச் சொன்னார். அதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. கட்டம் போடும் முறை மட்டும் தெளிவாகப் புரிந்தது. படக் கம்பெனி அனுப்பும் ஸ்டில்லின் மேல் பென்சிலால் சின்னக் கட்டங்கள். அதே எண்ணிக்கையில் துணியின் மேல் பெரிய கட்டங்கள். நீலப்பொடி தோய்த்த நூலை இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். பிறகு கட்டம் கட்டமாகக் கரித்துண்டால் கோட்டோவியம். மூக்கு எத்தனையாவது கட்டத்தில் திரும்புகிறது என்பது கணக்கு. ஆனால் முகம் உயிரோடு வருவதைக் கணக்கு தீர்மானிப்பதில்லை.

கண்ணாடி வருவது இங்கேதான்.

பத்தடி உயரத்தில் ஒரு முகம் வரைகிறீர்கள். தூரிகை எட்ட வேண்டுமென்றால் துணியை ஒட்டித்தான் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கண் தெரியாது, கறுப்பும் பழுப்புமாகத் திட்டுகள்தான் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும் என்பதை அறியப் பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். கொட்டகையோ குறுகல். பதினைந்தடி பின்னால் போனால் எதிர்ச்சுவர். தவுக்கே அந்த எதிர்ச்சுவரில் அலமாரிக் கண்ணாடியை மாட்டியிருந்தார். துணியருகே நின்றபடி திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தால், பதினைந்தடி முப்பதடி ஆகிவிடும். அவ்வளவு தள்ளி நின்று பார்ப்பதுபோல் முகம் முழுதாகத் தெரியும். இன்னொன்று, கண்ணாடியில் இடமும் வலமும் மாறும். நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய முகத்தில் நம் கண் தவறைக் காண மறுக்கும். அதே முகத்தைத் திருப்பிக் காட்டினால், ஒரு கண் தாழ்ந்திருப்பதும் தாடை கோணியிருப்பதும் உடனே அகப்படும்.

எனக்குச் சிலிர்த்தது. நான் தினமும் கணினியில் செய்வது இதுதான். ஒரு போஸ்டர் முடியும் தறுவாயில் முழுப் படத்தையும் இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். சின்னதாக்கிப் பார்ப்பேன். இரண்டுக்கும் ஒவ்வொரு பொத்தான். அந்த இரண்டு வேலையையும் ஒரே கண்ணாடியில் முடித்திருக்கிறார்கள். அவரது கூடத்திலேயே செய்து பார்க்கச் சொன்னார். எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தின் அருகே நின்று கண்ணாடியைப் பார்த்தேன். சின்ன வீடு சட்டென்று இரண்டு மடங்கு நீண்டது. தவுக்கே கொட்டகையைக் காலிசெய்தபோது எல்லோரும் தூரிகைகளை எடுத்துக்கொண்டார்களாம். இவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நடிகர்களைப் பற்றிக் கேட்டேன். எம்ஜிஆருக்கு ரோஜா நிறம் கூடுதலாக வேண்டும், நிழல் குறைவாக. சிவாஜிக்கு நேர்மாறு, கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் நிழல் வைத்தால்தான் அவர் நடிப்பது தெரியும். இதை எவரும் சொல்லித் தரவில்லை, தியேட்டர் வாசலில் நிற்கும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக் கற்றதாகச் சொன்னார். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) படத்தைச் சொன்னபோது குரல் உயர்ந்தது. போஸ்டர் வரி உயர்ந்த காரணத்தால் சென்னையில் அந்தப் படம் சுவரொட்டி இல்லாமல், ஸ்டிக்கர் விளம்பரத்தோடு வெளியானது என்பது தமிழ் சினிமா ரசிகர்கள் அறிந்த கதை. “அங்க போஸ்டரே இல்ல தம்பி. இங்க நாங்க வாத்தியார இருபதடிக்கு நிக்க வச்சோம். அதுவும் நம்ம சிங்கப்பூர்ல எடுத்த படம்!”

அந்த இருபதடி எம்ஜிஆர் இப்போது எங்கே? எங்கும் இல்லை. படத்தைத் தூக்கியதும் பேனர் கொட்டகைக்குத் திரும்பும். மேலே வெள்ளை அடித்து அடுத்த படத்தை வரைவார்கள். எம்ஜிஆரின் மேல் புரூஸ் லீ, புரூஸ் லீயின் மேல் தர்மேந்திரா. துணி கனத்து மடிக்க முடியாமல் போகும்வரை இப்படியே. இந்த நகரத்தின் அத்தனை மொழிச் சினிமாவும் ஒரே துணியில் அடுக்கடுக்காகப் படிந்திருந்திருக்கிறது. கடைசியில் அந்தத் துணிகள் லாரிகளுக்குத் தார்ப்பாயாகப் போயின.

கூலியைப் பற்றி அவராகப் பேசவில்லை. கூட வந்திருந்த நண்பர்தான் கிளறினார். அரங்குக்கும் கொட்டகைக்கும் நடுவில் விளம்பர ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். அரங்கு கொடுத்த தொகையில் பெரும்பங்கு அவரிடமே நின்றுவிடும். மிச்சத்தில் துணி, வண்ணம், மரச்சட்டம், லாரி வாடகை போகத் தவுக்கேக்குக் கொஞ்சம், ஆட்களுக்குக் கொஞ்சத்திலும் கொஞ்சம். வெள்ளிக்கிழமைப் படத்துக்குப் புதன்கிழமைதான் ஸ்டில் வரும். இரண்டு இரவு தூக்கமில்லை. பேனர் ஒரு நாள் தாமதித்தால் பிடித்தம். சாரத்தில் ஏறி மாட்டும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஓர் உதவியாளருக்கு ஒப்பந்தக்காரர் அனுப்பியது ஒரு கூடை ஆரஞ்சுப்பழம். கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. எழுதும்போதும் இருக்கிறது. துணியில் ஒரு கோடுகூடப் போடத் தெரியாத ஒருவர், டெலிபோனும் பில் புத்தகமும் கையில் இருந்த காரணத்தால் வரைந்தவர்களைவிட அதிகம் சம்பாதித்தார். பேனரின் மூலையில் வரைந்தவர் பெயர் போடவும் அவர் விட்டதில்லை. பெயர் தெரிந்துவிட்டால் அரங்கு நேராக ஓவியரிடம் போய்விடுமே. சென்னையில் மோகன் ஆர்ட்ஸ் என்ற பெயர் ஊருக்கே தெரிந்திருந்தது. 1957இல் ‘வணங்காமுடி’க்காகச் சித்ரா தியேட்டரில் சிவாஜிக்கு எண்பதடி கட்அவுட் வைத்த நிறுவனம் என்று இன்றும் சொல்கிறார்கள். கோவையில் தந்தையின் பேனர் தொழிலைத் தொடர்ந்த ஓவியர் ஜீவா ‘திரைச்சீலை’ என்ற சினிமா நூலுக்காகத் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்பிக்கப்பட்டார். எம். எஃப். ஹுசைனின் தொடக்கமே பம்பாயின் சினிமா விளம்பரப் பலகைகள்தான். கையெழுத்துப் போட இடம் கிடைத்தவர்களுக்கு ஒரு வரலாறு கிடைத்தது. தோ பாயோ பெரியவருக்கு அது மறுக்கப்பட்டது. திறமைக் குறைவு இதற்குக் காரணமே இல்லை. நடுவில் நின்றவரின் லாபம்தான் காரணம். இன்று என் தொழிலிலும் இது மாறிவிடவில்லை. வடிவமைத்த பிள்ளையின் பெயர் வெளியே தெரியாமல் வேலையை வாங்கிக் கைமாற்றிவிடும் இடைத்தரகர்களை நானே பார்க்கிறேன்.

தொழில் எப்படி முடிந்தது என்று பலரும் ஒரே பதில் சொல்வார்கள், கணினி அச்சு வந்தது என்று. பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் அடி வீடியோ கேசட். எண்பதுகளில் அரங்குகள் ஒவ்வொன்றாக மூடின. மெக்கன்சி ரோட்டில் 1946இல் திறந்த ரெக்ஸ் 1983இல் மூடி, வேறு வேறு வேடங்கள் போட்டு, 2009இல்தான் தமிழ்ப் படங்களோடு திரும்பியது. இரண்டாவது அடி 1992இல் ஈசூனில் திறந்த கோல்டன் வில்லேஜின் பத்துத் திரை அரங்கம். ஒரு கட்டடத்தில் பத்துப் படம் ஓடினால் முகப்பில் யார் முகத்தை வரைவது? ஒரு படம், ஒரு முகப்பு, ஒரு பேனர் என்ற ஏற்பாடே அன்றோடு போயிற்று. அச்சு இயந்திரம் வந்தபோது அது பறிக்க இங்கே பெரிதாக வேலை மிச்சமில்லை. இது எனக்குப் புதிய தகவல், சரியான கணிப்பு என்றும் படுகிறது. தைவானின் தைனான் நகரில் உள்ள சுவான்மெய் திரையரங்குக்காக யென் ஜென்ஃபா என்ற ஓவியர் பல பத்தாண்டுகளாகக் கையால் பேனர் வரைந்துவந்ததற்குக் காரணம் அவருடைய பிடிவாதம் மட்டுமல்ல. வரைந்து மாட்டுவதற்குத் தெருவைப் பார்த்த ஒரு முகப்பை அந்தத் திரையரங்கு வைத்திருந்தது.

சிங்கப்பூரில் ஆங் ஹாவ் சாயைக் கடைசி சினிமா பேனர் ஓவியர் என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அவருக்குக் கிடைத்த கவனம் நியாயமானது. ஆனால் அவருடையதைப் போன்ற கொட்டகைகளில் தமிழ் எழுத்தை எழுதியவர்கள், மலாய் எழுத்தை எழுதியவர்கள், நூல் பிடித்தவர்கள், சாரத்தில் ஏறியவர்கள் என ஒரு பட்டாளமே இருந்தது. லிட்டில் இந்தியாவின் இந்து ரோட்டில் ரஜினிகாந்தின் முகத்தைச் சுவரில் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கிறார்கள். நல்ல ஓவியம், வரைந்தவரின் பெயரும் பதிவாகியிருக்கிறது. அந்த மரியாதை முன்னவர்களுக்கும் சேர வேண்டும்.

பேனர் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால் எதை வைத்து வரலாறு எழுதுவது என்று பெரியவரிடம் கேட்டேன். எழுந்துபோய் ஓர் ஆல்பத்தை எடுத்துவந்தார். தங்கையின் மகன் ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படம். இளைஞனின் தோளுக்குப் பின்னால், பாதி வெட்டுப்பட்டு, அவர் எழுதிய தமிழ் எழுத்துகள். அவருடைய வேலைக்கு மிஞ்சிய சாட்சி அதுதான்.

அதனால் சிங்கப்பூர், மலேசிய வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆல்பங்களைத் திறந்து பாருங்கள். ராயல், டைமண்ட், ரெக்ஸ், ஹூவர் வாசலில் அப்பாவும் சித்தப்பாவும் நிற்கும் படங்கள் இருக்கும். ஆட்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பேனர் தெரிந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப்போடாதீர்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தையோ, கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையோ, ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தையோ அணுகிக் கேளுங்கள். படத்தின் பின்புறம் ஆண்டையும் அரங்கின் பெயரையும் எழுதுங்கள். பேனரை வரைந்தவர் யாரென்று உங்கள் குடும்பத்தில் எவருக்காவது தெரிந்திருந்தால், அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள்.