எழுபத்தைந்து ஆண்டுத் தலைநகரம்

தெற்கு ஸ்பெயினில் கோர்டோபாவுக்கு மேற்கே 8 கி.மீ. தூரத்தில், சியெரா மொரேனா மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகிறது ஒரு நகரத்தின் எலும்புக்கூடு. உச்சியில் கலீஃபாவின் மாளிகை, அதற்குக் கீழே தோட்டங்கள், அடித்தட்டில் மசூதியும் மக்கள் குடியிருப்பும். யார் பெரியவர் என்பதை மலையே சொல்லிவிடுகிறது. அருங்காட்சியகத்திலிருந்து பேருந்தில் மேலே வரும் பயணிகள், கலீஃபா பார்த்த அதே குவாதல்கிவிர் சமவெளியைப் பார்க்கிறார்கள்.

மதீனத் அல் ஸஹ்ரா என்ற இந்த நகரைக் கட்டியவர் மூன்றாம் அப்துல் ரஹ்மான். 912இல், இருபத்தோரு வயதில், பாட்டனாரிடமிருந்து அவருக்குக் கிடைத்தது கோர்டோபாவைத் தாண்டினால் கலகம் என்ற நிலையில் இருந்த ராஜ்யம். கலகக்காரர்களின் பொபாஸ்த்ரோ கோட்டை 928இல் பணிந்தது. மறு ஆண்டே தன்னைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டார். பாக்தாதில் ஒரு கலீஃபா, வட ஆப்பிரிக்காவில் ஒரு கலீஃபா, இவர் மூன்றாமவர்.

புதிய பட்டத்துக்குப் புதிய தலைநகரம் வேண்டாமா? 936இல் வேலை தொடங்கியது. அன்பு நாயகி ஒருத்தியின் பெயரைச் சூட்டினார் என்பது பிரபலமான கதை. ஆனால் அரசியல்தான் அஸ்திவாரம். தூதர்களை அசத்துவதற்கென்றே செதுக்குவேலை நிறைந்த மண்டபம் எழுந்தது. பாதரசத் தொட்டியைக் கலக்கிச் சுவரெங்கும் ஒளியை ஆடவைப்பாராம் கலீஃபா.

தோற்றத்தின் அருமை அவருக்குத் தெரியும். பாட்டி பாம்ப்லோனாவின் கிறிஸ்தவ இளவரசி. தாயும் கிறிஸ்தவ அடிமைப்பெண். நீலக் கண்ணும் செம்பட்டை முடியும் கொண்ட அவர், அரபியைப் போலத் தெரியக் கறுப்புச் சாயம் பூசினார் என்பார்கள்.

961இல் அவர் இறந்தார். உள்நாட்டுப் போரில், 1010இல், நகரம் சூறையாடப்பட்டது. பிறகு அது வெறும் கல்குவாரி. 1408இல் அருகே எழுந்த மடாலயத்துக்கும் இங்கிருந்தே கல் போனது. இடிபாடுகளை 'பழைய கோர்டோபா' என்று அழைத்த உள்ளூர்க்காரர்கள், ரோமானியர் கட்டியது என்றே நம்பினார்கள்.

அகழாய்வு தொடங்கியது 1911இல். இன்னும் பத்தில் ஒரு பங்குதான் வெளிவந்திருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஆனால் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பிலேயே அனுமதியின்றி வீடுகள் முளைத்தது, தொல்லியலாளர்களுக்குத் தீராத தலைவலி.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆண்டவர், தான் கவலையின்றி மகிழ்ந்த நாட்களைக் கணக்கெழுதி வைத்திருந்ததாக ஒரு செய்தி உண்டு. சதிக் குற்றச்சாட்டில் சொந்த மகனுக்கே மரண தண்டனை விதித்த அந்தக் கலீஃபாவின் கணக்கில் இருந்தவை மொத்தம் 14 நாட்கள்.