சாரநாத்: முதலுரை பிறந்த மான்வனம்

காசி யாத்திரை என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழுவன கங்கைத் துறையும் விசுவநாதர் ஆலயமுமே. புனித நீராடிப் பிதிர்க்கடன் கழித்து, கங்கை நீர் நிறைந்த செம்போடு ஊர் திரும்புவோர் பலர். அந்நகரிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சாரநாத்தைக் கண்டு திரும்புவோரோ சிலர்.

எசல பூரணை ஆண்டுதோறும் வருகிறது. பாடசாலைகளுக்கு விடுமுறையும் தருகிறது. அந்நாளின் சிறப்பு யாது என்று வினவினால் நம் மாணவருட் பலர் விடையறியாது விழிப்பர். புத்தர் பெருமான் தம் முதலுரையை நிகழ்த்திய நாள் அது. நிகழ்த்திய இடம் சாரநாத். காசியில் நம் கடன்களை முடித்த மறுநாட் காலையில், முச்சக்கர வண்டியொன்றில் அவ்விடம் நோக்கிப் புறப்பட்டோம்.

வழியில் முதற்கண் எதிர்ப்படுவது சௌகண்டி என்னும் செங்கல் மேடு. அதன் உச்சியிலுள்ள எண்கோணக் கோபுரம், முகலாய மன்னர் ஹுமாயூன் இங்கு வந்ததன் நினைவாக 1588இல் எழுப்பப்பட்டது. மேடோ அதனினும் பல நூற்றாண்டு பழையது. புத்தரை அவருடைய பழைய தோழர் ஐவர் எதிர்கொண்ட இடம் இதுவே என்பது மரபு.

அவ்வைவரின் வரலாறு அறியத்தக்கது. 29ஆம் வயதில் மனை துறந்த சித்தார்த்தர், ஆறாண்டு உடலை வாட்டித் தவம் புரிந்தார். உடனிருந்து தவஞ் செய்தவர் ஐவர். உடலை ஒறுப்பதால் மெய்யுணர்வு வாராது எனத் தெளிந்து அவர் உணவு கொண்டபோது, ‘தவம் பிழைத்தவர்’ என்றெண்ணி ஐவரும் அகன்றனர். பின்னர் கயையில் அரசமரத்தடியில் ஞானம் பெற்ற அவர், தம்மைக் கைவிட்ட அவ்வைவரைத் தேடியே 200 கிலோமீற்றருக்கு மேல் நடந்து இம் மான்வனத்துக்கு வந்தார். எழுந்து வரவேற்பதில்லை என்று தம்முள் உறுதி செய்திருந்தவர்கள், அவர் அணுகியதும் தம்மை மறந்து எழுந்தனராம்.

அவர்களுக்கு அவர் கூறியது யாது? புலனின்பத்தில் மூழ்குதலும் உடலை வதைத்தலும் ஆகிய இரண்டையும் விலக்கிய நடுவழியே நன்று என்பது. மருத்துவன் நோயையும், நோய்க் காரணத்தையும், நோய் தீரும் என்பதையும், தீர்க்கும் மருந்தையும் கூறுவது போல, நான்கு வாய்மைகளை அவர் விளக்கினார். வாழ்வில் துன்பம் உண்டு. அதற்குக் காரணம் வேட்கை. வேட்கை அற்றால் துன்பம் அறும். அதற்கு வழி எட்டு உறுப்புடையது. நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்பன அவ்வெட்டும்.

நிலையான ஆன்மா என ஒன்றில்லை என்பதையும் அவர் இங்கேயே ஐவர்க்கும் உணர்த்தினார். ஆன்மா நித்தியம் எனக் கொள்ளும் சைவர்க்கு இது உடன்பாடன்று. ஆயினும், மணிமேகலையைப் பெற்ற நம் மொழிக்கு இக்கொள்கை அந்நியமுமன்று. உடன்படாத ஒன்றையும் செம்மையாக அறிந்துகொள்வதே கல்விக்கு அழகு.

மான்வனத்தின் நடுவே தாமேக தூபி நிற்கிறது. விட்டம் ஏறக்குறைய 28 மீற்றர். உயரம் அத்திவாரத்தோடு 43 மீற்றருக்கு மேல். அதன் இடுப்பைச் சுற்றிக் குப்தர் காலச் சிற்பிகள் செதுக்கிய கொடியும் பூவும் கண்ணைக் கவர்கின்றன. அருகில் மற்றொரு தூபியின் அடித்தளம் மட்டும் வட்டமாகக் கிடக்கிறது. காசியில் கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டி, அதனை 1794இல் இடித்துவிட்டனர். அறியாமை அழிப்பதைப் பின்னர் எந்த அறிவும் முழுமையாக மீட்பதில்லை.

அசோகர் நாட்டிய தூணின் அடித்துண்டு அங்கேயே நிற்கிறது. அதன் தலையாயிருந்த நான்கு சிங்கங்களை அருகிலுள்ள நூதனசாலையிற் கண்டோம். 1950இல் இந்தியக் குடியரசு தன் இலச்சினையாக ஏற்றது இவ்வுருவையே. ஆங்குள்ள புத்தர் சிலையொன்றின் பீடத்தில் அறச்சக்கரமும் மான்களும் கேட்டிருக்கும் ஐவரும் செதுக்கப்பட்டிருக்கக் கண்டு நெடுநேரம் நின்றோம்.

1931இல் திறக்கப்பட்ட மூலகந்தகுடி விகாரை, இலங்கையரான அநகாரிக தர்மபாலரின் முயற்சியால் எழுந்தது. அதன் அருகே தழைத்து நிற்கும் அரசமரம் அநுராதபுரத்து மகாபோதியின் வழி வந்தது. கயையிலிருந்து கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்த மரம், தன் வழித்தோன்றலை மீண்டும் கங்கைக் கரை நாட்டுக்கு அனுப்பியிருக்கிறது! அண்மையிலேயே சாரங்கநாதர் என்னும் சிவாலயமும், சமணரின் 11ஆம் தீர்த்தங்கரருக்கு எடுத்த கோயிலும் உள்ளன. மூன்று சமயத்தாரும் ஒரே சாலையில் நடந்து செல்கின்றனர்.

அயலில் வாழ்வோரின் சமயத்தை நாம் பெரும்பாலும் பெரகராவாலும் வெசாக் கூடுகளாலுமே அறிகிறோம். அவர்களும் நம் சமயத்தைத் தேராலும் காவடியாலுமே அறிகின்றனர். விழாவுக்கு அப்பால் உள்ள கருத்தை அறியாதிருக்குமட்டும் ஐயமும் அச்சமும் எளிதில் முளைக்கும். தம்மை வெறுத்து அகன்றவரிடமே முதலிற் சென்று பேசினார் புத்தர். இந்நாட்டில் அடுத்தடுத்து வாழும் நாம் ஒருவரோடொருவர் பேசுதல் அதனினும் அரிதாமோ? காசிக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு பகற்பொழுதைச் சாரநாத்துக்கென ஒதுக்குவார்களாக. உடன் வரும் பிள்ளைகளுக்கு ஐவரின் கதையையும் அவ்விடத்திலேயே சொல்வார்களாக.