கருகிய எண்ணெய்

நம் சங்கத்து மாணவர்களுள் கார் உடையவர் ஒருவரும் இலர் என்றே எண்ணுகிறேன். பேருந்தும் மெட்ரோவுமே நம் வாகனங்கள். ஆயினும் ஒரு காரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அந்தக் கார் சுமந்து வந்த இட்டிலி மாவை உண்ணாதவர் நம்முள் சிலரே அன்றோ?

அது என் தாய்மாமாவின் கார். மயூர் விகாரில் மாவு அரைத்து, விடியுமுன் ராமகிருஷ்ணபுரம், முனிர்க்கா, நம் விடுதிகள் என்று வீடு வீடாகக் கொடுத்து வருகிறார். இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய இடது கால் சூம்பிப் போயிற்று. கிளச்சை மிதிக்க அவருக்குக் கால் இல்லை. தாமே கியர் மாற்றிக்கொள்ளும் பழைய காரொன்றை அவர் வாங்கியது ஆடம்பரத்துக்காக அன்று. அதுவே அவருடைய இடது கால்.

2024-ஆம் ஆண்டு ஜூனில், தில்லி வெயில் 45 பாகையைத் தொட்ட நாட்களில், அந்தக் கார் முரண்டு பிடிக்கத் தொடங்கிற்று. கியர்க் கோலை 'டி'யில் இட்டால் ஒரு கணம் சிந்தித்த பின்னரே நகரும். மேம்பாலம் ஏறுகையில் எஞ்சின் அலறும்; வண்டியோ ஊரும். பெரிய பட்டறையொன்றில் காட்டினோம். கியர்ப் பெட்டியையே மாற்ற வேண்டும், 1,60,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கார் முழுதையும் விற்றாலும் அவ்வளவு தேறுமா என்பது ஐயம். மாமா வாய் திறக்கவில்லை. அத்தைதான், "மருமகனே, நீ வேதியியல்தானே படிக்கிறாய்? அந்த எண்ணெயையாவது பாரேன்" என்றார்.

பார்த்தேன். எஞ்சினைச் சூடேற்றி, சமதளத்தில் நிறுத்தி, அளவுக்கம்பியை உருவி, ஆய்வுக்கூடத்து வடிதாளில் ஒரு துளி விட்டேன். இந்த எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் இட்டிருப்பார்கள். நல்ல எண்ணெய் தாளில் இளஞ்சிவப்பாக அகலப் பரவும். எங்கள் துளியோ நடுவில் கரிய வட்டமாக நின்றுவிட்டது. வாணலியில் தீய்ந்த எண்ணெயின் நாற்றம். பால் கலந்த ரோஜா நிறமாக இருந்திருந்தால் ரேடியேட்டர் நீர் உட்புகுந்தது என்று பொருள். அந்தக் கேடு இல்லை.

எண்ணெய் ஏன் கருகுகிறது? தானியங்கிக் கியர்ப் பெட்டியில் அது வெறும் மசகு அன்று. எஞ்சினின் ஆற்றலை டார்க் கன்வெர்ட்டரில் கைமாற்றுவதும் அதுவே. கிளச்சுத் தட்டுகளை அழுத்துவதும் அதுவே. வெப்பத்தைச் சுமந்து செல்வதும் அதுவே. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்கையில் ஆற்றலில் பெரும்பகுதி எண்ணெயைக் கலக்கிச் சூடாக்குவதிலேயே போய்விடும். ஏறத்தாழ 10 பாகை வெப்பம் ஏறினால் ஆக்சிஜனேற்ற வேகம் இரட்டிக்கும் என்பது நாம் முதலாண்டிலேயே படித்த கணக்கு. அமிலமும் பிசினும் உண்டாகும், உராய்வைச் சீராக்கும் சேர்மங்கள் சிதையும், தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் மேலும் வெப்பம். (இந்தச் சேர்மங்களுக்காக 1970களின் தொடக்கம் வரை திமிங்கில எண்ணெயைச் சேர்த்தார்கள், அமெரிக்காவில் அதற்குத் தடை வந்ததும் மாற்றுப்பொருள் தேட வேண்டியதாயிற்று.)

நிற்க. பழைய எண்ணெயை மாற்றினால் கியர்ப் பெட்டி செத்துவிடும் என்றொரு நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. தேய்ந்த தட்டின் பொடி எண்ணெயில் மிதந்து பிடிமானம் தருகிறதாம். புது எண்ணெயில் அது போய்விடுமாம். முற்றிலும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொடியை நம்பி ஓடும் பெட்டி முன்பே முடிந்த பெட்டி. புது எண்ணெய் அதனைக் கொல்வதில்லை, மறைந்திருந்ததை வெளியிடுகிறது. எந்த நிலை என்பதை எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் அறியலாம்.

கரோல் பாகில் ஒரு முதிய மிஸ்திரி கழற்றினார். முகர்ந்து பார்த்து, "ஜல் கயா" என்றார். தட்டிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகள் இல்லை. தட்டின் உராய்வுப் படலம் உரிந்த துணுக்குகளும் மிகச் சொற்பம். பிறகு அவர் காட்டியதே எனக்குப் பெரும் பாடமாயிற்று: ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே தூசி கம்பளிபோல் அடைந்து கிடந்தது. கியர் எண்ணெய் குளிர்வதும் அதன் அடித்தொட்டி வழியாகத்தான். அதனைக் கழுவாமல் புது எண்ணெய் ஊற்றினால் அதுவும் கருகும்.

இனி மாற்றும் கணக்கு. பெட்டியில் கொள்வது 6 லிட்டர். தட்டைத் திறந்தால் வடிவது 2.4 லிட்டரே, எஞ்சியது டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். எனவே ஒருமுறை மாற்றினால் பழையது 60 விழுக்காடு நிற்கும். சிறிது ஓட்டிக் கலக்கவிட்டு மறுபடி மாற்றினால் 36. மூன்றாம் முறை 21.6. பிரிபுனலில் சிறிது சிறிதாகக் கரைப்பான் ஊற்றிப் பிரிக்கிறோமே, அதே முறைதான். பொறிகொண்டு ஒரே மூச்சில் அலசிவிடலாம் என்றார் ஒருவர். பழைய பெட்டியின் நுண்வழிகளில் படிந்த பிசின் பெயர்ந்து அடைத்துவிடுமோ என்று மிஸ்திரி தயங்கினார். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. வடிகட்டியைப் புதிதாக்கினோம். கையேட்டில் குறித்த அதே தர எண்ணெயையே வாங்கினோம். நிறம் ஒன்றாயிருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது.

"பிழைக்குமா, ஐயா?" என்று மாமா இந்தியில் கேட்டார். ஓராண்டும் ஓடலாம், ஒரு மாதமும் ஓடலாம் என்றார் மிஸ்திரி. அந்த நேர்மைக்காகவே அவருக்கு இரண்டு பொட்டலம் மாவு கொடுத்தார் மாமா.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று முறை மாற்றினோம். கியர் விழும் தயக்கம் பெரிதும் குறைந்தது, அடியோடு போகவில்லை. மேம்பாலத்தில் மட்டும் முழுச் சுமையோடு ஏறினால் இன்னும் சற்றே வழுக்குகிறது. ஆதலால் மாமா இப்போது மாவை இரு நடையாகப் பிரித்து, முதல் நடையைக் காலை 4 மணிக்கே தொடங்குகிறார். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் தகரத்தில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பினார் மிஸ்திரி. மூன்று வடிதாள்களும் என் மேசைமேல் இருக்கின்றன. மூன்றாவதில் வட்டம் பழுப்பாயிருக்கிறது. விளிம்பில் சிவப்பு தெரிகிறது.