சொந்தக் காரணங்கள்

அலுவலகக் காகிதங்களில் ராஜினாமாக் கடிதம் அளவுக்கு நாசூக்காகப் பொய் சொல்வது வேறொன்றில்லை. "தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்களால்" என்று ஆரம்பித்து, நிறுவனத்தில் கற்றுக்கொண்டதற்கெல்லாம் நன்றி கூறி முடிந்துவிடும். எழுதுபவருக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும், பாக்கித் தொகை ஒழுங்காக வர வேண்டும். உண்மையை எழுத அவருக்கென்ன பைத்தியமா? நிர்வாகமும் அதைப் படித்துவிட்டுத் தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைக் குறித்துக்கொள்கிறது: சம்பளம்.

டெல்லியில் ஒரு பதிப்பு நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில், ஒன்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த பெண்மணி கடிதத்தை நீட்டியதும் மேலதிகாரி பதறிப்போனார். சம்பளத்தை முப்பது சதவிகிதம் உயர்த்துவதாகச் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. "வேறு என்னதான் வேண்டும், சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வி எழுந்தது அதுவே முதல் தடவை.

வேண்டியதையெல்லாம் அவர் ஏற்கனவே கேட்டிருந்தார். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒரு பிரதி வேண்டுமென்று எழுதிய குறிப்பு கணக்குப் பிரிவில் இரண்டு வருடமாகத் தூங்கியது. அவர் முடித்துக் கொடுத்த பக்கங்கள், தமிழே தெரியாத ஒருவரின் யோசனைப்படி, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றப்பட்டு அச்சாகின. (தவறு என்று வாசகர் கடிதம் வந்தால் மட்டும் அவரைக் கூப்பிடுவார்கள்.) எதுவும் கோர்ட்டுக்குப் போகும் அளவு அநியாயமல்ல. ஆனால் வேலையைச் சரியாகச் செய்ய நினைப்பவரைத்தான் இவை அரிக்கின்றன. ஏனோதானோவென்று செய்பவருக்கு அகராதி எதற்கு?

அங்கே ஒரு நாற்காலி காலியானது. கம்ப்யூட்டர் துறையில் இதுவே ஆயிரக்கணக்கில் நடக்கிறது. 2022 ஜூனுடன் முடிந்த 12 மாதங்களில் இன்போசிஸில் தாமாக விலகியோர் 28.4 சதவிகிதம், டிசிஎஸ்ஸில் விலகியோர் 19.7 சதவிகிதம். 2024 மார்ச்சில் இரண்டிலும் இது ஏறக்குறைய 12.5 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டது. இடையில் மேனேஜர்கள் எல்லாரும் ஞானம் பெற்றுவிட்டார்கள் என்பதல்ல. வெளியே வேலை குறைந்துவிட்டது. போக வழியில்லாமல் இருப்பவரை விசுவாசி என்று எண்ணிக்கொள்ளும் நிர்வாகி, அடுத்த முறை சந்தை சூடு பிடிக்கும்போது மறுபடி ஆச்சரியப்படுவார். (விலகுவதைத் துரோகம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1981ல் இன்போசிஸைத் தொடங்கியவர்களே பட்னி கம்ப்யூட்டர் வேலையை விட்டு வந்தவர்கள்.)

போகிறவரை உட்கார வைத்துக் காரணம் கேட்கும் சடங்கு பல கம்பெனிகளில் உண்டு. கேட்க வேண்டிய ஆள் அவரல்ல, பக்கத்து நாற்காலியில் இன்னும் உட்கார்ந்திருப்பவர். "உங்கள் வேலைக்கு இங்கே எது தடையாக இருக்கிறது?" என்று உடனடி மேலதிகாரியே, கதவைச் சாத்திக்கொண்டு, வருடத்தில் இரண்டு மூன்று தடவை கேட்கலாம். ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடச் சொல்லும் படிவத்தில் இதற்குப் பதில் கிடைக்காது. பெயர் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாரும் நான்கைச் சுழித்துவிட்டுப் போவார்கள். கேட்ட பிறகு ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒன்றையாவது சரிசெய்துவிட வேண்டும். முடியாது என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டு மறந்துபோவதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

பதில் "சம்பளம்தான்" என்று வந்தால்? பணம் முக்கியமில்லை என்று மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் 1913ல், சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க வருடத்தில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஓடும் பட்டைக்கு முன்னால் ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. 1914 ஜனவரியில் ஃபோர்டு வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்து, நாள் வருமானத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக, ஐந்து டாலராக்கினார். ஓட்டம் சட்டென்று குறைந்தது. ஆனால் அந்த ஐந்து டாலரில் ஏறக்குறைய பாதி லாபப் பங்கு. தொழிலாளி குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று கம்பெனி ஆட்கள் வீடு தேடிவந்து விசாரித்து, தகுதியானவர் என்று ஒப்பினால்தான் அது கிடைக்கும்.